வெள்ளத்துக்கு முன்னால் பணம் வர வேண்டும்: கொங்கு ஊராட்சிகளுக்கு ஒரு செய்முறை

தரைப்பாலத்தில் தண்ணீர் வடிந்த மறுநாள் அரிசி வருகிறது, போர்வை வருகிறது, செத்த ஆட்டைக் கணக்கெடுக்க ஆள் வருகிறார். ஆனால் அடுத்த ஐப்பசியில் அதே பாலத்தில் எவ்வளவு தண்ணீர் ஏறும், எத்தனை மணி நேரத்துக்கு முன்பே அதைச் சொல்லிவிட முடியும் என்று கேட்டால் ஊரில் பதில் இருக்காது. அந்தப் பதிலுக்காகச் செலவழிப்பதுதான் பேரிடர் ஆய்வும் முன்னேற்பாடும். இதற்குப் பொதுப்பணம் போக வேண்டுமா என்ற கேள்விக்கு எங்கள் பதில் போக வேண்டும் என்பதே. ஏன் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, அந்தப் பணத்தை உங்கள் ஊருக்கு எப்படிக் கேட்டு வாங்குவது என்பதை விரிவாகச் சொல்கிறோம்.

1900 பிப்ரவரி 8 அன்று கோவைப் பகுதியை ஒரு நிலநடுக்கம் உலுக்கியது. அதன் அளவு ரிக்டரில் 6-ஐ ஒட்டி இருந்திருக்கும் என்று பின்னாளில் மதிப்பிட்டார்கள். அன்றைக்கு ஓட்டு வீடும் கூரை வீடுமாக இருந்த ஊரில் இன்றைக்கு அடுக்குமாடிகள் நிற்கின்றன. நூறு வருடத்துக்கு ஒருமுறை வரக்கூடிய ஆபத்தை ராப்பகலாகக் கவனித்துக்கொண்டிருக்க எந்தக் கம்பெனியும் காசு போடாது, போட்டால் லாபமும் வராது. மழையை அளப்பதும் அப்படித்தான். ஒருவர் அளந்தால் அந்த ஊர்ப் பள்ளத்தை (மழைநீர் ஓடும் ஓடையை) ஒட்டிய எல்லோருக்கும் பயன் என்பதாலேயே தனியாள் யாரும் அதைத் தன் செலவில் செய்வதில்லை. பலன் பொதுவில் போகும்போது செலவும் பொதுவில் வருவதுதான் நியாயம்.

பலன் வருமா என்று சந்தேகப்படுபவர்கள் ஒடிசாவைப் பார்க்கலாம். 1999 பெரும்புயலில் அங்கே சுமார் 10,000 பேர் இறந்தார்கள். 2013-இல் பைலின் புயல் அதே கடற்கரையைத் தாக்கியபோது இறப்பு 50-க்குள் நின்றது. இடைப்பட்ட காலத்தில் புயலின் பாதையைக் கணிக்கும் ஆய்வும், புயல் பாதுகாப்புக் கட்டடங்களும், ஆட்களை முன்கூட்டியே கிளப்பும் பழக்கமும் வளர்ந்திருந்தன. பெரும்பாலும் பொதுப்பணம்.

பணம் இல்லை என்பதும் முழு உண்மை இல்லை. 2021–26 காலத்துக்கு 15ஆவது நிதிக்குழு மாநிலங்களின் பேரிடர் மேலாண்மைக்கென்று 1,60,153 கோடி ரூபாயை வகுத்தது. அதை 100 ரூபாயாக எண்ணிக்கொள்ளுங்கள்: 40 உடனடி நிவாரணத்துக்கு, 30 சீரமைப்புக்கு, 10 முன்தயாரிப்புக்கும் பயிற்சிக்கும், மீதி 20 ஆபத்தைக் குறைக்கும் வேலைகளுக்கான தணிப்பு நிதிக்கு. ஆக, 30 ரூபாய் ஆபத்துக்கு முன்னாலேயே செலவு செய்வதற்கென்று ஒதுக்கப்பட்டது. நிவாரணப் பங்கை யாரும் கேட்காமலேயே வெள்ளம் வந்து வாங்கிக் கொடுத்துவிடும். முன்தயாரிப்புப் பங்கு கேட்டால்தான் வரும். அதையும் "மழை வந்தா ரொம்பச் சிரமமுங்க" என்று கேட்டால் வராது. எண்களோடு கேட்க வேண்டும்.

முதல் எண்: மழை

மழைமானி வாங்க ஊராட்சியின் ஒப்புதலுக்காகக் காத்திருக்க வேண்டாம். உள்விட்டம் 16 செ.மீ. உள்ள புனல் ஒன்று, 5 லிட்டர் கேன் ஒன்று, மில்லிலிட்டர் கோடு போட்ட அளவுக் குவளை ஒன்று போதும். 16 செ.மீ. வாயின் பரப்பு சுமார் 200 சதுர செ.மீ.; வானிலைத் துறையின் மழைமானியிலும் இந்த அளவு வாய் உண்டு. இதில் 20 மில்லி தண்ணீர் சேர்ந்தால் 1 மி.மீ. மழை. 5 லிட்டர் கேன் 250 மி.மீ. வரை தாங்கும்.

கடையில் கிடைக்கும் புனல் சரியாக 16 செ.மீ. இருக்காது. வாயை இரண்டு திசையில் அளந்து சராசரி எடுங்கள். அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி 0.785-ஆல் பெருக்கினால் பரப்பு வரும். அதைப் பத்தால் வகுத்தால் 1 மி.மீ.க்கு எத்தனை மில்லி என்பது கிடைக்கும். உதாரணமாக 15.2 செ.மீ. என்றால் பரப்பு 181, அதாவது 18.1 மில்லிக்கு 1 மி.மீ. இந்த எண்ணைக் கேன் மேலேயே பெயின்டில் எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் ஆள் மாறியதும் கணக்கும் மாறிவிடும்.

புனல் சரிவு குறைவாக இருந்தால் பெருமழைத் துளி தெறித்து வெளியே போகும். வாய்க்கு மேலே நான்கைந்து விரல் உயரத்துக்கு நேர்ச்சுவர் இருக்க வேண்டும். அதே விட்டமுள்ள பி.வி.சி. குழாய்த் துண்டை மேலே ஒட்டிக்கொள்ளலாம்; ஒட்டினால் அளக்க வேண்டியது குழாயின் உள்விட்டத்தை. வாய் விளிம்பு தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் மட்டமாக நிற்க வேண்டும். பக்கத்தில் 5 மீட்டர் உயரத் தென்னை இருந்தால் குறைந்தது 10 மீட்டர் தள்ளி வையுங்கள். எந்த மறைப்புக்கும் இதே இரண்டு மடங்குக் கணக்கு. மொட்டைமாடி வேண்டாம். அங்கே காற்று துளியைத் தள்ளிக்கொண்டு போய்விடும், அளவு குறைவாக வரும். நான்கு பக்கமும் முள்வேலி கட்டுங்கள், இல்லையென்றால் ஆடு உரசிச் சாய்த்துவிடும்.

தினமும் காலை 8:30-க்கு அளக்க வேண்டும். வானிலைத் துறையின் மழைநாள் அந்த நேரத்தில்தான் முடிகிறது; நீங்கள் 7 மணிக்கு அளந்தால் உங்கள் எண்ணை அவர்கள் எண்ணோடு ஒப்பிட முடியாது. பதிவேட்டில் நான்கு கட்டம்: தேதி, மி.மீ., மழை தொடங்கி ஓய்ந்த நேரம், பள்ளத்தில் தண்ணீர் உயரம். மழை இல்லாத நாளில் 0 என்று எழுதுங்கள். கட்டத்தை வெறுமையாக விட்டால் மழை இல்லையா, அளக்கவில்லையா என்று பிறகு யாருக்கும் தெரியாது. எத்தனையோ நல்ல பதிவேடுகள் இந்த ஒரு காரணத்தால் ஆய்வுக்கு உதவாமல் போகின்றன. "லேசான தூறல்" என்று எழுதுவதும் அப்படித்தான், அளந்து 0.5 என்பதுபோல எண்ணாக எழுதுங்கள்.

24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் கன மழை, 115.6 முதல் மிகக் கன மழை, 204.4-ஐத் தாண்டினால் அதிகன மழை. கோவை, திருப்பூர், கரூர் சமவெளி மழைமறைவுப் பகுதி. ஒரு வருடத்துக்கே 600–700 மி.மீ. பெய்கிற ஊரில் ஒரே இரவில் 100 பெய்தால் பள்ளம் தாங்காது. மேலே மலையிலோ கதை வேறு. 2019 ஆகஸ்டில் நீலகிரி அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அந்தத் தண்ணீர் பவானியில்தான் இறங்குகிறது.

இரண்டாவது எண்: பள்ளத்தின் கொள்ளளவு

தரைப்பாலம் ஏன் முழுகுகிறது என்பதை ஒரு தாளில் போட்டுக் காட்டலாம். பள்ளத்துக்குத் தண்ணீர் வந்து சேரும் பரப்பு 500 ஏக்கர் என்று வைப்போம். ஒரு மணி நேரத்தில் 60 மி.மீ. பெய்கிறது. ஏற்கனவே நனைந்த காட்டில் பாதியாவது ஓடி வரும். ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர். 500 ஏக்கரில் 30 மி.மீ. ஓட்டம் என்றால் சுமார் 6 கோடி லிட்டர். அது ஒரு மணி நேரத்தில் வந்து சேர்ந்தால் விநாடிக்கு 17,000 லிட்டர், அதாவது 600 கன அடி.

பாலத்துக்கு அடியில் இருப்பது 90 செ.மீ. குழாய் இரண்டு. விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் நிறைந்து ஓடினாலும் இரண்டும் சேர்ந்து தள்ளுவது 2,500 லிட்டர்தான். வருகிறதில் ஏழில் ஒரு பங்கு. மீதி பாலத்தின் மேல் ஏறாமல் எங்கே போகும்? குழாய் வாயில் சீமைக்கருவேலம் முளைத்து, வாழை மட்டையும் பிளாஸ்டிக் சாக்கும் அடைத்திருந்தால் அந்த ஒரு பங்கும் இல்லை.

இந்தக் கணக்குக்கு வேண்டிய பரப்பைக் கிராம வரைபடத்திலிருந்து எடுங்கள். மணியகாரரிடம் (கிராம நிர்வாக அலுவலர்) புலப்படமும், நில விவரம் உள்ள அ-பதிவேடும் இருக்கும். பள்ளம் ஓடும் புல எண்கள், ஓடைப் புறம்போக்கின் அகலம் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு டேப் பிடித்து இன்றைய அகலத்தை அளங்கள். பதிவேட்டில் 12 மீட்டர் இருந்து நிலத்தில் 5 மீட்டர்தான் இருந்தால் எந்தக் குழாய் போட்டும் பயனில்லை. முதலில் அளந்து கல் நடச் சொல்லி மனு கொடுக்க வேண்டும். இந்த இடத்தில் ஊருக்குள் மனக்கசப்பு வரும். ஆக்கிரமித்தவர் பெயரை எழுதாமல் புல எண்ணையும் அகலத்தையும் மட்டும் எழுதுங்கள். சண்டை குறையும், வேலை நடக்கும்.

ஓட்டத்தின் வேகத்தையும் அளக்கலாம். மழை ஓய்ந்து தண்ணீர் மிதமாக ஓடும்போது, கரையில் 10 மீட்டர் இடைவெளியில் இரண்டு குச்சி நடுங்கள். பாதி தண்ணீர் நிரப்பிய பாட்டிலை மேலே விட்டு எத்தனை விநாடியில் கடக்கிறது என்று மூன்று முறை பாருங்கள். மேற்பரப்பு வேகத்தை 0.8-ஆல் பெருக்கினால் சராசரி வேகம் வரும். அதை அகலத்தாலும் ஆழத்தாலும் பெருக்கினால் ஓட்டம். வெள்ளம் பெருகும்போது யாரும் இறங்க வேண்டாம், கரையில் நின்று உயரத்தை மட்டும் பாருங்கள்.

அதற்குத்தான் அளவுக்கம்பம். தரைப்பாலத்தின் இரு பக்கமும் கான்கிரீட் கம்பம் நட்டு, 10 செ.மீ.க்கு ஒரு பட்டையாகக் கறுப்பும் வெள்ளையும் அடித்து, 15 செ.மீ.க்கு மேல் எல்லாம் சிவப்பு. அரை அடி வேக ஓட்டம் ஆளை விழத்தட்டிவிடும். ஒரு அடி இருந்தால் சிறிய காரைத் தூக்கும். இதில் அடிக்கடி நடக்கும் தவறு, கம்பத்தின் அடியை 0 என்று வைப்பது. 0 இருக்க வேண்டியது பாலத்தின் மிகத் தாழ்ந்த இடத்தின் மட்டத்தில். கொத்தனார் மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூபைப் பிடித்து அந்த மட்டத்தைக் கம்பத்துக்குக் கொண்டுவாருங்கள். டியூபுக்குள் காற்றுக் குமிழ் நின்றிருந்தால் மட்டம் பொய் சொல்லும், குமிழெல்லாம் போகும்வரை தட்டிவிட்டுப் பாருங்கள்.

ஆற்றங்கரை ஊர்களுக்கு வேறு கணக்கு

பள்ளம் பெருகுவது ஐப்பசி, கார்த்திகையில். காவிரியும் பவானியும் பெருகுவது ஆடியில். இங்கே ஒரு துளி மழை இருக்காது. குடகிலும் வயநாட்டிலும் நீலகிரியிலும் பெய்வது மேட்டூருக்கும் பவானிசாகருக்கும் வந்து நிறைந்து, இங்கே வருகிறது. 2018 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து விநாடிக்கு 2 லட்சம் கன அடி அளவுக்குத் திறந்தபோது பவானி, குமாரபாளையம், பள்ளிபாளையம், கருங்கல்பாளையம், கொடுமுடிக் கரையோரத் தெருக்களுக்குள் தண்ணீர் புகுந்தது.

செய்தியில் "2 லட்சம் கன அடி" என்று வரும். கரையோர வீட்டுக்காரருக்கு அதனால் என்ன தெரியும்? "என் வாசலுக்கு வருமா, வராதா" என்பதுதான் அவர் கேள்வி. இதற்கு ஊரே தயாரிக்க வேண்டியது ஓர் அட்டவணை. இடது பக்கம் அணைத் திறப்பு: 50,000, 75,000, 1 லட்சம், 1.25 லட்சம் என்று. வலது பக்கம் அந்த அளவில் தண்ணீர் தொட்ட இடம்: படித்துறையின் எத்தனையாவது படி, எந்தத் தெருவின் எந்தக் கம்பம், எந்தத் தறிக்கூடத்தின் வாசல். மூன்றாவது கட்டத்தில், திறந்த நேரத்துக்கும் தண்ணீர் வந்த நேரத்துக்கும் இடையே எத்தனை மணி நேரம். பவானி ஆறும் சேர்ந்து பெருகியிருந்தால் அதைத் தனி வரியாக எழுதுங்கள். கூடுதுறைக்குக் கீழே உள்ள ஊர்களுக்கு இரண்டு ஆறும் சேர்ந்த தொகைதான் கணக்கு. மழைக்காலத்தில் அணையின் நீர்மட்டமும் திறப்பும் அன்றாடம் வெளியாகிறது. தண்ணீர் தொட்ட இடத்தில் அன்றே சுவரில் கோடு போட்டுத் தேதி எழுதிவிட வேண்டும். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் ஆளுக்கு ஓர் உயரம் சொல்வார்கள்.

பவானியில் ஜமக்காளம் நெய்வது குழித்தறியில். மற்ற வீட்டில் தண்ணீர் வாசலைத் தொடும்போதே கரையோரத் தறிக்குழிக்கு ஊற்று எடுத்துவிடும். அந்தக் குழியில் ஈரம் கண்ட அளவையும் அட்டவணையில் ஏற்றுங்கள். பாவு நூலையும் மற்ற நூலையும் மேலே ஏற்ற, அப்படி முன்கூட்டித் தெரிந்து கிடைக்கும் ஒரு மணி நேரம் மிக முக்கியம்.

சுவர்

2019 டிசம்பர் 2 அதிகாலை, மேட்டுப்பாளையம் நடூரில் மழையில் ஊறிய சுற்றுச்சுவர் வீடுகள் மேல் சரிந்து 17 பேர் இறந்தார்கள். தூங்கிக்கொண்டிருந்தவர்கள். இந்த வகைச் சாவு ஒவ்வொன்றையும் தடுக்க முடியும், தடுக்கவும் வேண்டும்.

உயரமான மண்ணைத் தாங்கும் சுவருக்குப் பின்னால் 3 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் தேங்கினால், ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் சுமார் 4.5 டன் எடை தள்ளும். மண்ணின் தள்ளல் தனி. வழக்கமாக இதைத் தாங்கச் சுவர் கட்டப்படுவதில்லை, அதனால் தண்ணீரை வெளியே விட்டாக வேண்டும். 75–100 மி.மீ. குழாயை வெளிப்பக்கம் சரிவாக, 1.5 முதல் 2 மீட்டர் இடைவெளியில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் முதல் வரிசை. உள்பக்கம் ஓர் அடி அகலத்துக்குச் சல்லி நிரப்ப வேண்டும். சல்லி இல்லாமல் மண்ணில் நேராகச் செருகிய குழாய் இரண்டு மழையில் அடைத்துக்கொள்ளும். பார்க்கத் துளை இருக்கும், தண்ணீர் வராது. மழை பெய்து முடிந்த மறுநாள் துளையில் சொட்டு வருகிறதா என்று பாருங்கள். மண் ஈரமாக இருந்தும் துளை காய்ந்திருந்தால் அடைப்புத்தான்.

புரட்டாசியில் ஒருநாள் ஒதுக்கி, 2 மீட்டருக்கு மேல் உயரமுள்ள எல்லாச் சுவரையும் நடந்து பாருங்கள். தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு மேலும் கீழும் இடைவெளியை அளந்து எழுதுங்கள். நடுவில் வயிறு தள்ளியிருந்தால், கிடைமட்ட விரிசல் இருந்தால், போன வருட அளவைவிட ஒரு விரல்கடை சாய்ந்திருந்தால், பொறியாளர் பார்க்கும்வரை சுவர் உயரத்தின் ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் யாரும் தூங்கக் கூடாது. சுவர் தனியாருடையதாக இருந்தாலும் ஊராட்சி எழுத்தில் அறிவிப்புக் கொடுக்கலாம், நகலை வட்டாட்சியருக்கும் அனுப்பலாம்.

வறட்சியும் பேரிடர்தான்

வெள்ளம் படத்தில் நன்றாகத் தெரியும், வறட்சி தெரியாது. ஆனால் காங்கேயம், தாராபுரம், மூலனூர் பக்கம் ஆட்டையும் மாட்டையும் தென்னையையும் அதிகம் கொண்டுபோனது வறட்சிதான். 2016-இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சி என்று அறிவித்தார்கள். அதற்குள் தீவனத்துக்கான சோளத்தட்டு விலை ஏறி, மாடு விலை இறங்கியிருந்தது.

இதற்கான எண் கிணற்று மட்டம். ஊருக்குள் நான்கு திசையில் நான்கு கிணறு தேர்ந்தெடுத்து, மாதம் ஒருமுறை, மோட்டார் போடுவதற்கு முந்தைய விடியற்காலையில், கல் கட்டிய கயிற்றில் தரைமட்டத்திலிருந்து தண்ணீர் வரை அளங்கள். மோட்டார் ஓடிய பிறகு அளந்தால் அது கிணற்றின் மட்டமில்லை, இறைத்ததன் அளவு. மார்கழிக் கடைசியில் மட்டம் போன மார்கழியைவிடக் கீழே இருந்தால், தீவனத்துக்கான மனுவைத் தையிலேயே கொடுத்துவிட வேண்டும். ஒரு வளர்ந்த மாட்டுக்கு நாளுக்கு 6–7 கிலோ சோளத்தட்டு. 200 மாடு, 90 நாள் என்றால் 108 டன்னுக்குக் குறையாது. இந்தக் கணக்கைச் சித்திரையில் போட்டால் தட்டு கிடைக்காது. கொரங்காட்டில் (மேய்ச்சல் நிலத்தில்) கொழுக்கட்டைப்புல் எத்தனை ஏக்கரில் உயிரோடு இருக்கிறது என்பதையும் அதே பதிவேட்டில் எழுதுங்கள்.

தீர்மானம் எழுதுவது

கிராம சபை வருடத்தில் ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஆற்றங்கரை ஊர்கள் மார்ச் 22-லோ மே 1-லோ கேட்க வேண்டும், பள்ளத்து ஊர்கள் ஆகஸ்ட் 15-இல். அக்டோபர் 2-இல் கேட்டால் அந்த மழைக்கு ஆகாது, ஆனால் அடுத்த ஆண்டுக்கான வளர்ச்சித் திட்டத்தில் சேர அதுதான் சரியான நாள். பெரிய வேலையை அன்றைக்குக் கேட்காமல் விட்டால் ஒரு வருடம் போச்சு.

குறைவெண் வரம்பு (சபைக்குக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்பது) நினைவில் இருக்கட்டும்: 500 மக்கள் தொகை வரை 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. ஆள் குறைந்தால் தீர்மானம் செல்லாது. பொருளை முன்கூட்டியே ஊராட்சிச் செயலரிடம் எழுத்தில் கொடுத்து நிகழ்ச்சி நிரலில் ஏற்றச் சொல்லுங்கள்.

தீர்மானத்தின் வாசகம் இப்படி இருக்கலாம்:

"…… ஊராட்சி, …… குக்கிராமம், புல எண் ……-இல் உள்ள தரைப்பாலத்தில் …… , …… , …… ஆகிய தேதிகளில் முறையே …… , …… , …… மி.மீ. மழைக்குச் சாலைமட்டத்துக்கு மேல் …… , …… , …… செ.மீ. தண்ணீர் ஓடி, மொத்தம் …… மணி நேரம் போக்குவரத்து நின்றது. அக்கரையில் …… குடும்பங்களும் …… பள்ளிப் பிள்ளைகளும் உள்ளனர். நீர்வரத்துப் பரப்பு …… ஏக்கர். மதிப்பிட்ட உச்ச ஓட்டம் …… கன அடி. இப்போதுள்ள குழாய்களின் திறன் …… கன அடி. எனவே, (1) அளவுக்கம்பமும் தடுப்புக் கயிறும் ஊராட்சி நிதியில் உடனே அமைக்கவும், (2) ஓடைப் புறம்போக்கை அளந்து எல்லைக்கல் நட வருவாய்த் துறையைக் கோரவும், (3) பாலத்தை உயர்த்தும் மதிப்பீட்டை ஒன்றியப் பொறியாளரிடம் பெற்று, தணிப்பு நிதியில் சேர்க்க மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கு அனுப்பவும் தீர்மானிக்கப்படுகிறது. பதிவேட்டு நகல், புகைப்படம், வரைபடம் இணைப்பு."

ஒரே தீர்மானத்தில் மூன்று அளவு வேலையைப் பிரித்திருப்பதைக் கவனியுங்கள். சிறிய வேலை ஊராட்சிக் கையிலேயே முடியும். நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் கட்டுப்பட்டது, 40 சதவீதம் ஊரின் தேவைக்கு என்பது 2021–26 காலத்துக்கு 15ஆவது நிதிக்குழு வகுத்த பங்கீடு. கம்பமும் மழைமானியும் அப்படி ஊரின் தேவைக்கு விடப்பட்ட பங்கிலிருந்து. பெரிய வேலைக்கு ஆட்சியர் தலைமையில் இருக்கும் மாவட்ட ஆணையம்தான் வழி. அனைத்தையும் ஒன்றாகக் கட்டி "பாலம் வேண்டும்" என்று மட்டும் எழுதினால், பாலம் வரும்வரை கம்பமும் வராது.

சாலை யாருடையது என்று முதலில் உறுதி செய்யுங்கள். ஊராட்சிச் சாலையா, ஒன்றியச் சாலையா, நெடுஞ்சாலைத் துறையா என்று தெரியாமல் மனு போட்டால் மூன்று அலுவலகத்துக்கும் அது நடந்துகொண்டே இருக்கும். தீர்மான நகலை அன்றே கையெழுத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று மாதத்தில் பதில் இல்லையென்றால் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இரண்டு கேள்வி மட்டும் கேளுங்கள்: தீர்மானம் எந்தத் தேதியில் எந்த அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டது, அதன் மீது எடுத்த நடவடிக்கையின் கோப்பு நகல் வேண்டும். 30 நாளில் பதில் தர வேண்டும். "ஏன் செய்யவில்லை" என்று கேட்டால் அது தகவல் இல்லை என்று திருப்பிவிடுவார்கள்.

சபையில் கட்டாயம் ஒருவர் எழுந்து கேட்பார்: "ஏனுங்க, குடிக்கிற தண்ணிக்கே வழியக் காணோம், மழைய அளக்கறதுக்கு ஒரு செலவுங்களா?" நியாயமான கேள்வி. மரியாதையாகப் பதில் சொல்லுங்கள். 2022–26 காலத்து நிவாரண விதிப்படி ஒரு கறவை மாட்டுக்கு 37,500 ரூபாய், ஓர் ஆட்டுக்கு 4,000 என்று இருந்தது. ஒரு மாட்டுக்குக் கொடுக்கும் அந்தத் தொகைக்குள் மழைமானி, பெயின்ட், கயிறு, டார்ச் எல்லாம் அடங்கிவிடும். அதே மழைமானியும் கிணற்றுப் பதிவேடும்தான் குடிநீர்ப் பஞ்சத்துக்கும் சாட்சி. பயிர் இழப்பு 33 சதவீதத்தைத் தொட்டால்தான் உதவி என்று விதி இருக்கும்போது, மழை எவ்வளவு பெய்தது என்ற ஊர்ப் பதிவு விவசாயியின் கையில் இருக்கும் பத்திரம்.

எதைக் கேட்க வேண்டாம்

படகு வேண்டாம், ஓட்டத் தெரிந்த ஆள் இல்லாத ஊரில் அது வெயிலில் வெடித்துக் கிடக்கும். சைரன் வேண்டாம், கோயில் ஒலிபெருக்கி இருக்கிறது, பேட்டரி இணைப்பு மட்டும் போடுங்கள், ஏனென்றால் பெருமழையில் முதலில் போவது மின்சாரம். ஜெனரேட்டர் கேட்டால் மாதம் ஒருமுறை பத்து நிமிடம் ஓட்டும் ஆளின் பெயரையும் சேர்த்துக் கேளுங்கள். ஓடாமல் நின்ற வண்டி தேவைப்படும் இரவில் கிளம்பாது. பிளீச்சிங் பவுடரை மூட்டையாக வாங்கி வைக்காதீர்கள். திறந்த மூட்டை வாரக்கணக்கில் வீரியம் இழக்கும். 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் என்ற கணக்கு புதிய பவுடருக்குத்தான். ஒரு மணி நேரம் கழித்து குளோரின் இருக்கிறதா என்று சோதித்த பிறகே தண்ணீர் விடுங்கள்.

பணத்தைப் போட வேண்டிய இடம் ஆள். மழைமானி பார்ப்பவருக்கு மாதம் ஒரு சிறு தொகை ஊராட்சி கொடுக்கட்டும். இலவசமாகச் செய்யும் ஆர்வம் இரண்டு மாதத்தில் தளர்வது இயல்பு, அதில் அவர் மேல் குற்றமில்லை. மேல் ஊரின் மழைமானியும் கீழ் ஊரின் மழைமானியும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் இருக்கட்டும். பள்ளத்துக்கு ஊராட்சி எல்லை தெரியாது. மேல் ஊரில் 64 மி.மீ. தாண்டி மழை இன்னும் ஓயவில்லை என்று செய்தி வந்தால் கீழ் ஊரில் கயிறு கட்டிப் பாலத்தை மூடிவிட வேண்டும். முதல் வருடம் அந்த எல்லையை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஐப்பசி பதிவு சேர்ந்ததும் உங்கள் பள்ளத்தின் எல்லை 50-ஆ 80-ஆ என்று உங்களுக்கே தெரிந்துவிடும், அதன்படி மாற்றுங்கள்.

கயிறு கட்டப்போகும் இருவரின் பெயரும், அவர்கள் ஊரில் இல்லாதபோது போக வேண்டிய இருவரின் பெயரும், மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077-உம் மாநிலத்தின் 1070-உம் பதிவேட்டின் உள் அட்டையில் இருக்கட்டும். ஒவ்வொரு புரட்டாசி முதல் தேதியும் அந்த நால்வரையும் கூப்பிட்டுப் பாருங்கள். வெளியூர் போனவர், செல் நம்பர் மாற்றியவர் யாராவது இருப்பார்கள். அடித்துவிட்டு அன்றே புதுப் பெயரை எழுதுங்கள்.